காற்றுத் தைத்த நோயும் குருதியின் சாட்சியும்: கொரிய மருத்துவத்தில் ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

பக்கவாதம் என்னும் பெயருக்குள் ஒரு காற்று இருக்கிறது. வடமொழியில் வீசுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த சொல் 'வாதம்'. தமிழ் அதனை வளி என்றும் அறியும். திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோய்செய்யும் மூன்றனுள் வளியையே முதலில் வைக்கிறது. கொரிய மொழியில் இதே நோயின் பழம்பெயர் 'ஜுங்புங்'. சீன எழுத்தில் எழுதப்பட்டுவந்த இரண்டு அசைகள் அவை. முதலசைக்கு இலக்கில் தைத்தல் என்றும், இரண்டாவதற்குக் காற்று என்றும் பொருள். அம்பு தைத்தவரைப் போலக் காற்றுத் தைத்தவர் வீழ்கிறார். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரோக்' வெறும் அடி. அதற்கு முன் ஐரோப்பாவில் வழங்கிய கிரேக்கச் சொல்லான அப்போப்ளெக்சியாவும் அடித்து வீழ்த்தப்படுவதையே குறித்தது. ஒரு கணத்துக்கு முன் நின்று பேசிக்கொண்டிருந்தவர் சரிகிறார், வாய் கோணுகிறது, நாக்குக் குழறுகிறது, ஒரு பக்கத்துக் கையும் காலும் அவர் சொல்லுக்கு அடங்குவதில்லை. அடித்தது எது என்பது எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாமல் அடிக்கவல்ல ஒன்றன் பெயரை அந்நோய்க்கு இட்டார்கள்.

கொரியாவில் அப்பெயர் இன்றும் மக்கள் வழக்கில் உள்ளது. அதன் கீழ் நோயாளிகளை வகைப்படுத்தும் பழைய முறையும் சட்ட ஏற்புடன் மருத்துவமனைகளில் நடைமுறையில் இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளாக அந்நாட்டு ஆய்வாளர்கள் அவ்வகைகளுக்கு நோயாளியின் குருதியில் தடயம் தேடிவருகின்றனர். ஒருவருக்கு 'ஈரக்கோழை' என்றும் மற்றொருவருக்குக் 'கி-குறைவு' என்றும் மரபு மருத்துவர் பெயரிட்டால், அவ்விருவரின் இரத்தத்திலும் அதற்கேற்ற வேறுபாடு காணப்படுமா? கேள்வி எளியதாகவே தோன்றும். ஆயினும் அதில் அடங்கிய சொற்கள் எவ்வழியாக வந்தன, யாரால் நிலைநிறுத்தப்பட்டன என்பதை அறியாமல், கிடைக்கும் விடையை எடைபோட இயலாது.

பழைய சீன மருத்துவத்தில் அந்தக் காற்று வெளியிலிருந்து வந்தது. உடல் தளர்ந்திருக்கும் வேளையில் தோல்வழி நுழைந்து நரம்புகளையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் பகையாக அது கருதப்பட்டது. 12ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இக்கருத்து மூன்று பக்கங்களிலிருந்து உடைபட்டது. லியூ வான்சூ, நோய்க்குக் காரணம் உள்ளே கட்டுக்கடங்காமல் எரியும் தீ என்றார். லி தொங்யுவான், நடுவயது கடந்தபின் உடலின் மூல ஆற்றலாகிய 'கி' குன்றுவதே காரணம் என்றார். ஜூ தான்ஷி தென்னாட்டவர். ஈரம் மிகுந்த நிலத்து மக்களைக் கண்டவர். ஈரத்திலிருந்து கோழையும், கோழையிலிருந்து வெப்பமும், வெப்பத்திலிருந்து காற்றும் பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. இங்கே காற்று சங்கிலியின் கடைசிக் கண்ணியாகச் சுருங்கிவிட்டதைக் காணலாம். பின்வந்த வாங் லூ, மெய்யான காற்றால் வருவதையும் காற்றைப் போலத் தோன்றுவதையும் பிரித்தார். 17ஆம் நூற்றாண்டின் ஜாங் ஜிங்யுவே இன்னும் துணிந்து, இந்நோய்க்குக் 'காற்றன்று' என்றே பெயர் மாற்ற முயன்றார். அந்தப் புதிய பெயர் நிலைக்கவில்லை. பொருள் வெளியேறிய பின்னும் சொல் தன் இடத்தை விட்டு நகராதிருப்பது மொழிகளில் எங்கும் காணும் நிகழ்ச்சிதான். தமிழில் பக்கவாதம் என்போரும் காற்றை நினைத்துச் சொல்வதில்லை.

இந்தப் பூசல் கொரியாவுக்கு நூல்வழியாக வந்து சேர்ந்தது. அதனை ஒரே கூரையின் கீழ் அடுக்கியவர் அரண்மனை மருத்துவர் ஹொ ஜுன். ஜப்பானியப் படையெடுப்பால் நாடு சிதைந்திருந்த 1596இல், மன்னர் சொன்ஜோ புதிய மருத்துவ நூலொன்றைத் தொகுக்க ஆணையிட்டார். குழு வேலையைத் தொடங்கிய மறு ஆண்டே இரண்டாம் படையெடுப்பு நிகழ்ந்து மருத்துவர்கள் சிதறினர். அரண்மனையிலிருந்த 500 நூற்பகுதிகளை மன்னர் ஹொ ஜுன்னிடம் ஒப்படைத்து, பணியைத் தனியே தொடரச் சொன்னார். 1608இல் மன்னர் இறந்தார். காப்பாற்றத் தவறிய குற்றம் மருத்துவர் மேல் விழுந்தது; ஹொ ஜுன் வட எல்லையிலிருந்த உய்ஜுவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்நாட்களிலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 1610இல் முடிவுற்ற 'தொங்குய் போகாம்' 1613இல் 25 பகுதிகளாக அச்சேறியது. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

நூலின் பெயரே ஒரு வாதத்தைத் தாங்கியுள்ளது. தொங்குய் என்றால் கிழக்கு மருத்துவம். லி தொங்யுவானை வடக்கு மருத்துவர் என்றும், ஜூ தான்ஷியைத் தெற்கு மருத்துவர் என்றும் சீனர் அழைக்கும்போது, கிழக்கே இருக்கும் கொரியரின் மருத்துவத்தைக் கிழக்கு மருத்துவம் என்பதில் என்ன தடை என்று தொகுப்புரையில் ஹொ ஜுன் கேட்கிறார். பணிவாகத் தொடங்கி உரிமை கோரலில் முடியும் நுட்பமான வாக்கியம் அது. மருந்துச் சரக்குகளைப் பற்றிய பகுதியில் 600க்கும் மேற்பட்ட உள்நாட்டுப் பெயர்களை ஹங்குல் எழுத்தில் அவர் குறித்துவைத்தார். சீன எழுத்தைப் படிக்கத் தெரியாத நாட்டுப்புறத்தாரும் தம் வேலியோரத்துச் செடியை இனங்காணலாம் என்பது நோக்கம். இன்று மருத்துவ வரலாற்றாளரைக் காட்டிலும் கொரியச் சொல்வரலாற்று அறிஞர்கள் அப்பகுதியை மிகுதியாகப் புரட்டுவதுண்டு.

காற்று நோய்ப் பகுதியில் தீ, கி, கோழை ஆகிய மூன்று கொள்கைகளும் அருகருகே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை ஏற்று மற்றவற்றைத் தள்ளும் தீர்ப்பை ஹொ ஜுன் வலிந்து எழுதவில்லை. மாறாக நோயாளியைப் பார்க்கச் சொல்கிறார். பருத்த உடலினர்க்கு இந்நோய் மிகுதி என்பதற்குத் தனித்தலைப்பே உண்டு. கட்டைவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போனால் மூன்றாண்டுகளுக்குள் நோய் வரும் என்னும் எச்சரிக்கை உண்டு. இடப்பக்கம் செயலிழந்தால் குருதியிலும், வலப்பக்கம் செயலிழந்தால் கோழையிலும் கியிலும் காரணம் தேட வேண்டும் என்ற தான்ஷியின் பிரிப்பும் உண்டு. பேச்சிழப்புப் பெரும்பாலும் வலப்பக்கச் செயலிழப்போடு சேர்ந்து வருவதைப் பால் புரோக்கா போன்றோர் மூளையின் இடப்பாதியோடு இணைத்துக்காட்ட இன்னும் இரண்டரை நூற்றாண்டு இருந்தது. ஆயினும் இடமும் வலமும் ஒன்றல்ல என்னும் ஐயம் எழுந்துவிட்டது.

மருந்துகளுள் ஒன்று இன்றும் கொரிய மருந்துக்கடைகளில் விற்பனையாகிறது. ஊஹ்வாங் சொங்சிம்வோன் எனப்படும் அவ்வுருண்டை பொற்தாள் போர்த்தியது. அதன் முதற்சரக்கு மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல். தமிழ் நாட்டுமருந்துக் கடைகளில் கோரோசனை என்ற பெயரில் குழந்தைகளுக்காக வாங்கப்படும் அதே பொருள். காற்றுத் தைத்து நினைவிழந்து, கோழை அடைத்துக் கிடப்பவருக்கு உரியதாக ஹொ ஜுன் நூல் அதனைக் கூறுகிறது. தலைமுறைகளாகக் கொரிய வீடுகளில் முதியவர் வீழ்ந்தால் உடனே இவ்வுருண்டையைக் கரைத்து வாயில் ஊற்றுவது வழக்கமாயிற்று. விழுங்கும் திறன் இழந்தவரின் வாயில் ஊற்றும் மருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் என்று மருத்துவர்கள் எச்சரித்துவருகிறார்கள். இக்காலத்தில் தேர்வெழுதும் மாணவர்கள் நடுக்கம் தணிய அதை விழுங்குகிறார்கள் என்பது அம்மருந்தின் மறுபிறவி. ஆனால் மூளைக்குழாய் அடைத்த நோயாளியைப் பொறுத்தவரை, உருண்டையைத் தேடும் நேரமும் அது வேலைசெய்யக் காத்திருக்கும் நேரமும் உயிர்நேரம். உறைவைக் கரைக்கும் ஊசிமருந்து 3 மணி நேரத்துக்குள் போடப்பட்டால் பயன் தரும் என்பதை 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அவ்வெல்லை பின்னர் நாலரை மணி நேரமாக நீண்டது. காற்று என்ற பெயர் வெறும் பெயராக நின்றுவிடுவதில்லை. அது கையை ஒரு திசையில் நீட்டச் செய்கிறது.

நூலிலிருந்து சட்டத்துக்கு வரும்போது கதை கடுமையாகிறது. மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்த அரசுத் தேர்வு 1894இன் சீர்திருத்தங்களோடு ஒழிந்தது. 1900இல் கொரியப் பேரரசு வகுத்த மருத்துவர் விதிகள் மரபு மருத்துவரையும் 'உய்சா' என்ற பெயருக்குள் வைத்திருந்தன. 1910இல் நாடு ஜப்பானின் குடியேற்றமாயிற்று. 1913இல் குடியேற்ற அரசு புதிய விதியொன்றை வெளியிட்டது. அதன்படி உய்சா என்பது மேலைமருத்துவம் பயின்றவரை மட்டுமே குறிக்கும். மரபு மருத்துவர் இனி 'உய்சேங்'. ஈற்றசை ஒன்றே மாறியது. முதற்சொல்லின் ஈற்றசை ஆசானைக் குறிப்பது. இரண்டாவதன் ஈற்றசை மாணவனைக் குறிப்பது. அறுபது வயதில் ஊரே கும்பிடும் வைத்தியர் ஒரே அரசிதழ் அறிவிப்பால் மாணவரானார். இதனைச் சொல்வன்முறை என்று அழைப்பதில் மிகை ஏதுமில்லை.

விடுதலைக்குப் பின்னரும் பழைய நிலை தானாகத் திரும்பிவிடவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1951இல், தற்காலிகத் தலைநகராயிருந்த பூசானில் தேசிய மருத்துவச் சட்டம் நிறைவேறியது. மரபு மருத்துவத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்தது. இறுதியில் 'ஹன்உய்சா' என்னும் பெயருடன் மரபு மருத்துவர் சட்டத்துக்குள் நுழைந்தார். இரண்டு உரிமங்கள், இரண்டு கல்லூரிகள், இரண்டு மருத்துவமனைகள் என்னும் தென்கொரிய இரட்டை அமைப்பு அங்கே தொடங்குகிறது. 1965இல் மரபு மருத்துவக் கல்லூரியொன்று கியுங்ஹீ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1971இல் அப்பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இருவகை மருத்துவமும் ஒரே வளாகத்தில் இயங்கத் தொடங்கின. அத்தகைய மரபு மருத்துவமனைகளின் படுக்கைகளில் பெரும்பங்கு வகித்தவர்கள் பக்கவாத நோயாளிகள்.

அந்த 'ஹன்' என்னும் அசைக்கும் ஒரு கதை உண்டு. 1951இல் அதனை எழுதிய சீன எழுத்து சீனப் பேரரசான ஹான் மரபைக் குறிப்பது. அதாவது சீன மருத்துவர். 1986இல் சட்டம் திருத்தப்பட்டு, கொரிய நாட்டைக் குறிக்கும் வேறோர் எழுத்து அவ்விடத்தில் வைக்கப்பட்டது. ஒலி ஒன்றே. ஹங்குலில் எழுதினால் வடிவமும் ஒன்றே. பெயர்ப்பலகையில் எதுவும் மாறாதபோதும், சீன மருத்துவர் கொரிய மருத்துவர் ஆனார். ஹொ ஜுன் 'கிழக்கு' என்ற சொல்லால் கோரிய உரிமை, ஓர் ஒலியொப்புச் சொல்லின் உதவியால் சட்டமானது. மறு ஆண்டில் தேசிய மருத்துவக் காப்பீடு மரபு மருத்துவத்தையும் உள்ளடக்கியது.

காப்பீடு என்றதும் கணக்கு வரும். கணக்கு வந்ததும் சான்று கேட்கப்படும். 1993இல் மூலிகை மருந்துகளைக் கலந்துகொடுக்கும் உரிமை குறித்து மருந்தாளுநருக்கும் மரபு மருத்துவருக்கும் பெரும்பூசல் மூண்டது. மரபு மருத்துவ மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தனர். அப்பூசலின் பின்விளைவாக 1994இல் அரசு நிதியில் கொரிய மரபு மருத்துவ ஆய்வு நிறுவனம் தோன்றியது. பின்னர் அது தேஜோன் நகருக்கு இடம்பெயர்ந்தது. அதன் அறிக்கைகளிலும் கட்டுரைகளிலும் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று தரப்படுத்தல், மற்றது புறநிலைப்படுத்தல். இரண்டும் 'ஹ்வா' என்ற ஒரே ஈற்றொட்டில் முடிவன. 'ஆக்குதல்' எனப் பொருள்படும் அவ்வொட்டு, அந்த நிலை இதற்குமுன் இல்லை என்பதையும் ஓசையின்றி ஒப்புக்கொள்கிறது.

தரப்படுத்த வேண்டியது எது? நோயின் பெயரை அன்று. அது ஏற்கெனவே கை மாறிவிட்டது. மூளைக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பதை சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் சொல்லிவிடுகின்றன, மரபு மருத்துவமனையில் சேரும் நோயாளியும் அப்படத்தோடுதான் சேர்கிறார். மரபு மருத்துவருக்கு எஞ்சியது இரண்டாவது பெயர். அதனைக் கண்டறிவதற்குக் கொரியத்தில் 'ப்யொன்ஜுங்' என்பர். நோயாளியிடம் தோன்றும் குறிகளின் சேர்க்கையைப் பகுத்தறிதல் என்று அதனை விரிக்கலாம். ஒரே மூளைநோய் உடைய இருவர்க்கு இரு வேறு பெயர்கள் கிடைக்கலாம். அதற்கேற்ப இரு வேறு கஷாயங்களும் கிடைக்கும். ஆகவே அப்பெயர் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறிக்கொண்டிருந்தால் சிகிச்சை என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகும்.

2005 முதல் அந்நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் வல்லுநர்கள் கூடிப் பக்கவாதத்துக்கான பெயர்களை ஐந்தாகக் குறுக்கினர்: தீ-வெப்பம், ஈரக்கோழை, குருதித்தேக்கம், கி-குறைவு, யின்-குறைவு. முதல் இரண்டிலும் நான்காவதிலும் லியூ வான்சூ, ஜூ தான்ஷி, லி தொங்யுவான் ஆகியோரின் நிழலைக் காணாதிருக்க முடியாது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கருத்துப்பூசலின் தரப்புகள், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் படிவத்தில் தேர்வுக்கட்டங்களாக வந்து அமர்ந்தன. காற்று மட்டும் அவற்றுள் இல்லை. நோய்க்குப் பெயர் தந்தது, நோயின் வகைகளுள் இடம்பெறவில்லை.

'ஈரக்கோழை' என்பதைக் கபம் என்று தமிழாக்கிவிடுவது வசதியானது. ஆனால் அவ்வசதி ஏமாற்றக்கூடியது. இருமினால் வெளிவரும் சளியை மட்டுமே கொரியச் சொல் குறிப்பதில்லை. உடலில் ஓடவேண்டிய நீர் ஓடாமல் திரண்டு, தடித்து, எங்கெங்கோ படிந்துவிட்ட நிலையை அது சுட்டுகிறது. கண்ணால் காணமுடியாத கோழையையே மருத்துவர்கள் மிகுதியும் அஞ்சினர். சித்தமருத்துவக் கபத்தோடு அதற்கு உறவு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. இரண்டையும் ஒன்றாக்குவது அந்த ஆய்வைத் தொடங்குமுன்பே முடித்துவைப்பதாகும்.

நோய் கண்டு 30 நாட்களுக்குள், படத்தால் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் பல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருவரையும் இரண்டு மரபு மருத்துவர்கள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் தனித்தனியே பரிசோதித்தனர். நாடியின் ஓட்டம், நாவின் நிறம், நாவில் படிந்த மாவு, முகத்தின் சிவப்பு, தாகம், பேச்சின் வலு என 40க்கும் மேற்பட்ட குறிகளுக்கு மதிப்பெண் இட்டனர். இருவரின் ஒப்புமையை அளக்கக் கோஹனின் காப்பா எனப்படும் அளவை பயன்பட்டது. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் வகுத்த அது, தற்செயலாக ஒத்துப்போகும் பங்கைக் கழித்துவிட்டு எஞ்சும் உடன்பாட்டைச் சொல்லும். உரைத்தொகுதிகளில் சொல்வகை குறிப்போரும் அதே அளவையைத்தான் கையாள்கின்றனர். ஒரு சொல்லைப் பெயரென்று ஒருவரும் வினையென்று மற்றொருவரும் குறிக்கும்போது எழும் சிக்கலே, ஒரு நாவைத் தீ என்று ஒருவரும் யின்-குறைவு என்று மற்றொருவரும் படிக்கும்போதும் எழுகிறது.

பின்வந்த திருத்தவடிவில் ஐந்து பெயர்கள் நான்காயின. நீங்கியது குருதித்தேக்கம். அப்பெயரைப் பெற்ற நோயாளிகள் மிகச் சிலரே என்பதுதான் காரணம். குருதி உறைந்து அடைபடுவதால் நேரும் நோயில், 'குருதித்தேக்கம்' என்ற பெயரே பட்டியலிலிருந்து உதிர்ந்தது வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். மரபின் குருதித்தேக்கம் மூளைக்குழாயின் உறைவைக் குறிப்பதன்று. கறுத்த முகம், ஊதாநிற நாக்கு, ஓரிடத்திலேயே குத்தும் வலி ஆகியவற்றின் கூட்டுப்பெயர் அது. கவனிக்கவேண்டியது வேறொன்று. அப்பெயர் நீங்கியதற்கு இரத்தப் பரிசோதனை எதுவும் காரணமில்லை. மருத்துவர்கள் அதை அரிதாகவே உச்சரித்தார்கள். ஆகவே அது வழக்கொழிந்தது. அகராதியிலிருந்து சொற்கள் நீங்குவதும் இம்முறையில்தான்.

பெயர்கள் ஓரளவு நிலைபெற்றதும் குருதியின் முறை வந்தது. பயோமார்க்கர் எனப்படும் உயிரிக் குறிப்பான்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் வழக்கமான பரிசோதனைகளிலிருந்தே தொடங்கினர். மொத்தக் கொழுப்பு, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு, கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள், வெள்ளணுக்கள், ஹீமோகுளோபின் ஆகியவை ஒவ்வொரு பெயர்க்குழுவிலும் ஒப்பிடப்பட்டன. மிகத் தெளிவாகக் கையில் சிக்கியது ஈரக்கோழை. அப்பெயர் பெற்றவர்கள் பருத்தவர்களாகவும் வயிற்றுச் சுற்றளவு மிக்கவர்களாகவும் இருந்தனர். இரத்தக் கொழுப்பின் அளவுகளும் அத்திசையிலேயே சாய்ந்தன. ஓடாமல் தடித்துப் படியும் நீர் என்று முன்னோர் கற்பனை செய்ததற்கும் கொழுப்பு மிகுந்த குருதிக்கும் இடையே கிடைத்த இந்த ஒத்திசைவு, ஆய்வாளர்களை மகிழ்வித்ததில் வியப்பில்லை.

மகிழ்ச்சியை இங்கே சற்று நிறுத்திவைக்க வேண்டும். பருத்த உடலில் ஈரமும் கோழையும் மிகும் என்பது மரபின் மிகப் பழைய பாடம். ஹொ ஜுன் நூலின் தலைப்பும் அம்மரபையே எதிரொலிக்கிறது. அப்பாடத்தைப் பயின்ற மருத்துவர் கட்டிலில் பருத்த உடலைக் காண்கிறார். ஈரக்கோழை என்று எழுதுகிறார். பின்னர் அக்குழுவின் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பது கண்டறியப்படுகிறது. பருத்தவர்களைத் திரட்டி அவர்களிடம் கொழுப்பைக் காண்பது, 'கோழை' என்ற கருத்துக்குச் சான்றாகுமா, அல்லது மருத்துவர் கண்ணால் கண்டதைக் குருதி மறுபடி சொன்னதாகுமா? உடல் எடையின் பங்கைக் கணக்கில் கழித்த பின்னும் வேறுபாடு எஞ்சினால் மட்டுமே நாவும் நாடியும் கூடுதலாக எதையோ அறிந்தன எனலாம். வயதுக்கும் இதே சிக்கல் பொருந்தும். கி-குறைவு முதியவர்க்கே மிகுதியாகச் சொல்லப்படுமானால், முதுமையோடு குறையும் எந்த அளவும் அப்பெயரின் குறிப்பானாக வேடமிட முடியும்.

அடுத்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. பல கட்டுரைகள், இரண்டு மருத்துவர்களும் ஒரே பெயரைச் சொன்ன நோயாளிகளை மட்டுமே பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொண்டன. கருத்து மாறுபட்டவர்கள் விலக்கப்பட்டனர். புள்ளியியல் நோக்கில் இது தூய்மை தரும் வழி. ஆயினும் இரத்தப் பரிசோதனை யாருக்குத் தேவைப்படுகிறது? இருவரும் ஒத்துச்சொல்லும் நோயாளிக்கு அது தேவையில்லை. பெயர் அங்கே ஏற்கெனவே தெளிவு. எவரைப் பற்றி மருத்துவர்கள் பிணங்குகிறார்களோ அவருக்கே வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அத்தகையோரை நீக்கிவிட்டு உருவாக்கிய குறிப்பான், எளிய வழக்குகளில் மட்டுமே சாட்சி சொல்லிப் பழகியது.

குழுக்களின் சராசரிகள் வேறுபடுவதும், ஒருவரின் குழுவை அவருடைய அளவிலிருந்து ஊகிப்பதும் ஒன்றல்ல. ஆண்களின் சராசரி உயரம் பெண்களினும் அதிகம். அதற்காக உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு எதிரே வருபவர் ஆணா பெண்ணா என்று உறுதிசெய்ய முடியாது. கொரியக் கட்டுரைகளில் கிடைத்த வேறுபாடுகள் பெரும்பாலும் இத்தன்மையன. சரியாகச் சொன்னால், அவை பெயர்கள் முற்றிலும் வெறுமையானவை அல்ல என்று காட்டுகின்றன. அப்பெயர்களைக் குருதியிலிருந்து படித்துவிடலாம் என்று காட்டவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் ஆதரவாளரிடமும் உண்டு, எதிர்ப்பாளரிடமும் உண்டு. முன்னவர் சிறு வேறுபாட்டைப் பெருவெற்றியாக அறிவிக்கிறார். பின்னவர் நம்பகமான பரிசோதனை இல்லையென்பதை மரபு முழுமைக்குமான மறுப்பாக்குகிறார்.

நியாயம் கருதி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலைநரம்பியலும் இதே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மாரடைப்பை உறுதிசெய்ய இரத்தத்தில் ட்ரோபோனின் இருக்கிறது. பக்கவாதத்துக்கு அதற்கு நிகரான ஒன்று அன்றாட நடைமுறையில் இல்லை. அடைப்பையும் வெடிப்பையும் ஒரு துளி இரத்தத்தால் பிரித்தறிய முடிந்தால் ஆம்புலன்சிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற கனவில் பல புரதங்கள் ஆராயப்பட்டுவருகின்றன. ஆனால் அவ்வாய்வுகளுக்கு ஓர் ஆதாயம் உண்டு. குருதி சொல்வது சரியா என்று பார்க்க அவர்களிடம் படம் இருக்கிறது. ப்யொன்ஜுங் ஆய்வாளரிடம் அத்தகைய படமில்லை. அவருடைய அளவுகோலும் மருத்துவரின் வாய்ச்சொல்; அவர் அளக்க விரும்புவதும் அதே வாய்ச்சொல்.

இத்தேடலில் அறிவார்வத்தோடு உரிமைப்போரும் கலந்திருக்கிறது. மரபு மருத்துவர் எந்தக் கருவியைத் தொடலாம் என்பது தென்கொரியாவில் நீதிமன்றம்வரை சென்ற வழக்கு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, நோயறியத் துணையாக அல்ட்ராசவுண்ட் கருவியை மரபு மருத்துவர் பயன்படுத்துவதைச் சட்டமீறலாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் நோயாளியை அதே மருத்துவர் 68 முறை அல்ட்ராசவுண்டில் பார்த்தும் கருப்பைப் புற்றுநோய் கண்டறியப்படாமல் போயிற்று என்பதை மேலைமருத்துவர் சங்கங்கள் இடைவிடாது நினைவூட்டின. கருவி ஒருவர் கையில் இருப்பதும், அக்கருவி காட்டுவதைப் படிக்கும் மொழி அவரிடம் இருப்பதும் வேறுவேறு என்பது அவர்கள் வாதம். மரபின் பெயர்களுக்குக் குருதியில் வேர் காட்ட முடிந்தால் இவ்வாதத்துக்கு மறுமொழி கிடைக்கும் என்பதை ஆய்வு நிறுவனங்கள் நன்கறியும்.

நாட்டுக்கு வெளியே பெயர்கள் ஏற்கெனவே ஓரிடம் பெற்றுவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 26ஆம் அத்தியாயம் சீனம், கொரியம், ஜப்பான் ஆகிய நாடுகளின் மரபு மருத்துவப் பெயர்களுக்கு உரியது. 'காற்று அடி' அங்கே ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. கி-குறைவும் கோழையும் குறியீடுகளாகிவிட்டன. அடுத்த பகுதியாக ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களுக்கான குறியீடுகள் 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டன. வாதமும் கபமும் தீ-வெப்பமும் இப்போது ஒரே பட்டியலின் அண்டைவீட்டார். கொரியர் கடந்துவந்த கேள்விகள் சித்தமருத்துவக் கல்லூரிகளின் வாசலுக்கும் வந்து நிற்கின்றன.

அவ்வத்தியாயத்தின் முகப்பில் ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. மரபுப் பெயருக்கான குறியீட்டைத் தனியே பதிய வேண்டாம். அதனோடு முதல் 24 அத்தியாயங்களிலிருந்து மேலைமருத்துவக் குறியீடொன்றும் எப்போதும் சேர்ந்திருக்க வேண்டும். இறப்புப் புள்ளிவிவரத்துக்கு அவ்வத்தியாயம் உரியதன்று. எனவே தேஜோனிலோ சியோலிலோ பக்கவாத நோயாளி ஒருவர் படுக்கையில் இருக்கும்வரை அவருடைய ஏட்டில் ஈரக்கோழை என்றும் மூளைக்குழாய் அடைப்பு என்றும் இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கலாம். அவர் இறந்தால், உலகக் கணக்குக்கு இரண்டாவது பெயர் மட்டுமே செல்லும்.